முன்னூற்றுப் பன்னிரண்டு

பதினைந்து வேலம்பாளையத்தில்
பவர்கட் முடிந்து கரண்ட் வந்த ராத்திரி
கம்ப்யூட்டரைப் போட்டதும் அது கத்தியது.

சிவப்புக் கேடயம். நடுவில் ஆச்சரியக்குறி.
உங்கள் கணினிக்குள் முன்னூற்றுப் பன்னிரண்டு உளவாளிகள்.
சுத்தம் செய்ய ஐம்பது டாலர். உடனே.

இந்த ஊரில்
வட்டிக்காசு கேட்டு வருகிறவனும் வாசலில் நின்று
"ஏனுங்க்கா, இருக்கறீங்களா" என்றுதான் ஆரம்பிப்பான்.
இது செருப்போடு நடுவீட்டுக்கு வந்து
விரல் நீட்டியது.

சென்னியப்பன் பயந்துவிட்டார்.
பார்ட்டி கணக்கு, பில்லு, பேங்க் பாஸ்வேர்டு
அத்தனையும் இதுக்குள்ளதானே கிடக்குது,
கட்டித் தொலைச்சரலாம் புள்ள என்று
பர்ஸிலிருந்து கார்டை எடுத்து
நெம்பர் வாசிக்கத் தொடங்கினார்.
எட்டு எண் அடித்திருப்பேன்.
விரல் நின்றது.

கல்யாணத்துக்கு முன்னால் ஏழு வருசம்
செக்கிங் டேபிளில் நின்றவள் நான்.
ட்யூப் லைட்டுக்கு அடியில் பீஸை விரித்து
உள்பக்கம் திருப்பி
ஊசிக்கோடு, ஆயில் கறை, ஓட்டை,
ஒவ்வொன்றுக்கும் அம்பு ஸ்டிக்கர் ஒட்டினவள்.
மடிப்புக் கலைக்காமல்
முன்னூறு டேமேஜ் சொல்கிற செக்கருக்கு
அன்று மத்தியானத்தோடு கணக்கு முடியும்.

ஒன்பது நொடியில் எல்லாம் தேடிவிட்டதாம்.
பெட்டியின் முகப்பில்
டிஸ்க் ஓடினால் துடிக்கிற சின்ன விளக்கு
ஒரு தடவைகூடத் துடிக்கவில்லை.

உறை பிரிக்காத பென்டிரைவ் ஒன்றைப் பிரித்துச் செருகினேன்.
காலிப் பை.
அதில் நாற்பத்தொன்று என்றது.

அடித்த எட்டு எண்ணையும் அழித்தேன்.

ஆனால் அது போகவில்லை.
கண்ட்ரோல் பேனலில் பேரே இல்லை.
டாஸ்க் மேனேஜர் திறந்த கையோடு மூடிக்கொண்டது.
நிஜ மருந்து விற்கிற இடத்துக்குப் புறப்பட்டால்
பாதி வழியில் கையைப் பிடித்து
தன் கடைக்கே கூட்டி வந்தது.

காலையில் பாண்டியன் நகர் பிரவுசிங் சென்டரில்
ஷர்மிளா பானு நல்லதொன்றை இறக்கி
சிடியில் எழுதித் தந்தாள். இருபது ரூபாய்.
"சொந்தப் பேரில போனா ஓட விடாதுங்க்கா,
பேரை மாத்தியிருக்கேன்" என்றாள்.
திருடன் போலீஸ் சட்டையில் உட்கார்ந்திருக்க
போலீஸ்
லேபிள்-ஏழு என்ற பேரில்
பின்வாசலில் நுழைய வேண்டியிருந்தது.

எஃப் எட்டைத் தட்டித் தட்டி
சேஃப் மோடில் எழுப்பினேன்.
கறுத்த திரை, வீங்கின எழுத்து,
ஆபரேசன் முடிந்து பாதி கண் திறந்த ஆள் மாதிரி.
கேடயத்தைக் காணோம்.
லேபிள்-ஏழு தேட ஆரம்பித்தது.
துடித்தது அந்தச் சின்ன விளக்கு.

ஒரு மணி நேரம். ரெண்டு.
எழுபது சதத்தில் மறுபடி கரண்ட் போச்சு.
யூபிஎஸ் கீங் கீங் என்று உயிரை விட,
சென்னியப்பன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு
பக்கத்து பவர்டேபிள்காரர் ஜெனரேட்டரிலிருந்து
சுவர் தாண்டி வயர் இழுத்தார்.

முடிந்தது.
"எத்தன புள்ள?"
"மூணு."
"மூணுதானா?"
முன்னூற்றுப் பன்னிரண்டுக்கு வேர்த்த மனுசன்
மூன்றுக்கு
ஏதோ குறைத்துக் கொடுத்துவிட்டாற்போல நின்றார்.

அவரிடம் சொல்லாதது ஒன்று உண்டு.
முந்தின நாள் அது சின்ன ஜன்னலாக வந்தபோது
வேண்டாமென்றுதான் மூலையில் இருந்த
பெருக்கல் குறியை அழுத்தினேன்.
அந்தப் பெருக்கல் குறியும்
அவன் வரைந்த படம்.

பாஸ்வேர்டை மாற்றிவிட்டு
சாயங்காலம் ஆர்டருக்கு உட்கார்ந்தேன்.
நாலாயிரம் ஸ்டிக்கர். எட்டு மணிக்கு வண்டி.
நூறு சதம் காட்டன்
நூறு சதம் காட்டன்
நூறு சதம் காட்டன் என்று
பிரிண்டர் துப்பிக்கொண்டே இருந்தது.

அந்தத் துணியை நான் பார்த்ததில்லை.
விரித்துக் காட்டுங்கள் என்று
கேட்டதும் இல்லை.