மூடு, மூடு

ஆலையைப் பூட்டிய அன்றே அஞ்சலையும் பூட்டிவிட்டார்கள்.
கணக்கைத் திறக்கும் குறியீடு அந்த முகவரிக்குப் போய்
யாருமில்லாத பெட்டியில் விழுகிறது.
மிச்சம் ஒரு வழி: என் பழைய செல் நம்பர்,
கடைசியில் இருபத்தேழு.
ரீசார்ஜ் செய்யாமல் விட்டு ஒன்றரை வருடம்.

ஆரம்பாக்கம் ஸ்டேஷன். சூளூர்பேட்டை லோக்கல் இன்னும் வரவில்லை.
என் எண்ணுக்கு நானே போன் போட்டேன்.
எடுத்தவர் "எவரு?" என்றார்.

நல்ல கேள்வி.
அந்த நம்பரில் ஆறு வருடம் நான்தான் எவரு.

பெஞ்சலய்யா. தடாவுக்கு அந்தப் பக்கம்
இறால் குட்டைக்கு இராக்காவல்.
"உங்களக் கேட்டு எத்தன பேரு அம்மா!
லோன்காரன், வளைகாப்புக்கு ஒரு பொண்ணு,
வால்வு எப்ப வரும்னு ஒருத்தன்..."

ஆறு இலக்கம் வரும், படித்துச் சொல்லுங்கள் என்றேன்.
தயங்கினார். யாருக்கும் சொல்லக்கூடாதென்று
பேங்கில் ஒட்டியிருக்கிறதே.
அவர் இடத்தில் நானும் சொல்ல மாட்டேன்.
பின்னால் மோட்டார் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தது.
"வால்வு கம்பெனி குணவதியா?"
"ஆமாம். கம்பெனி இப்போது இல்லை."
அது போதுமாயிருந்தது அவருக்கு.

ஏடு. சுன்னா. தொம்மிதி. ஐது.
மூடு, மூடு.

தமிழ்க் காது; விரல் ஒரு கணம் நின்றது.
பிறகு இரண்டு மூன்றுகளை அடித்தேன்.
திறந்தது.

உள்ளே நான் இருந்தேன்.
நீல ஹெல்மெட், போட்டோவுக்கான சிரிப்பு,
தர ஆய்வாளர், 2016 முதல் இன்றுவரை.
இன்றுவரையைத் தொட்டேன். முடிந்த மாதத்தைக் கேட்டது.
பதினேழாம் தேதி, வெள்ளிக்கிழமை,
மதியச் சாப்பாட்டுக்குக் கை கழுவிய பிறகு:
அதற்கெல்லாம் அங்கே கட்டம் இல்லை.

பழைய கடவுச்சொல் கம்பெனி பெயரும் சேர்ந்த வருடமும்.
கேன்டீன் பையன்கூட ஊகித்திருப்பான்.
புதியது நீளம். இரண்டு மொழி,
நடுவில் தூண்டில்போல் ஒரு கேள்விக்குறி.
இவ்வளவு சொன்னதே அதிகம்; சாயங்காலம் மறுபடி மாற்றவேண்டும்.

நம்பரையும் மாற்றினேன்.
இனி என் பொருட்டு அவர் போன் அதிராது,
வால்வு கேட்பவனைத் தவிர.

லோக்கலில் ஜன்னலோரம் கிடைத்தது.
எல்லை தாண்டும்போது அவரே கூப்பிட்டார்:
"பனி அயிந்தா, அம்மா?"
காரியம் முடிந்ததா என்றுதான் கேட்டார்.
எனக்கு மட்டும் அது
வேலை கிடைத்ததா என்று கேட்டது.

பாதி, என்றேன்,
அவர் மொழியில்.