புள்ளி வைத்த சுழியம்

ஏப்ரலில் வடக்கே மழை கூடும் என்றது
நைரோபியில் என் கணினி.
நார்த் ஹாரில் தலாசோ வாரியோ
மழைமானியைக் கவிழ்த்துக் காட்டினாள்.
ஒரு வண்டு விழுந்தது.

என் மாதிரியில்
மார்சபிட் மலையின் மூடுபனிக் காடும்
சால்பியின் உப்புத் தரையும்
ஒரே சதுரம்.
மலையில் பெய்வதைப் பங்கிட்டு
பாலைக்கும் பாதி தந்துவிடுவேன், தாளில்.
ஒட்டகம் தாளைக் குடிப்பதில்லை.

அவள் நோட்டில் பதினோரு வருடம்.
நாளுக்கொரு எண், பெரும்பாலும் சுழியம்.
சில சுழியங்களுக்குள் மட்டும் ஒரு புள்ளி.
மை சிந்திவிட்டதா என்றேன்.
"இல்லை, அன்றைக்கு மேகம் வந்தது.
கறுத்து நின்றது. ஆடுகளெல்லாம் நிமிர்ந்து பார்த்தன.
போய்விட்டது."

திரும்பும் வழியெல்லாம் புள்ளிகளை எண்ணினேன்.
மேற்குப் பசிபிக் சூடேறிய ஆண்டுகளில்
எறும்புச் சாரி.
எட்டாயிரம் மைலுக்கு அப்பால் ஒரு கடல் காய்ந்தால்
இங்கே ஆடு ஏன் நிமிர வேண்டும்?
பாதிதான் தெரியும் எனக்கு.

இப்போது சதுரத்தை
நான்கு கிலோமீட்டராக நறுக்கியிருக்கிறோம்.
மலை வேறு, பாலை வேறு.
அப்படியும் கொஞ்சம் கூடுதலாகவே பெய்கிறது திரையில்.
வந்து திரும்பிய மேகத்துக்கென்று
புதிதாய் ஒரு பத்தி சேர்த்தேன்.
பெயர் வைக்கத் தெரியவில்லை.

நேற்று தலாசோவின் குறுஞ்செய்தி:
ஒரே ஒரு
புள்ளி.