வானம் தோண்டிய கோடை

கான்கிரீட் கம்பெனிக்காரர் தொலைபேசியில் சிரித்தார்.
உங்கள் இடம் வரைக்கும் நூற்று நாற்பது கிலோமீட்டர்,
பாதி வழியிலேயே கல்லாகிவிடும், அம்மா.
பிறகு விலையைச் சொன்னார்.
அதற்கு நாங்கள் சிரித்தோம்.

ஆகவே மரம்.
மேலே எழப்போகும் வீடும் மரம்
கீழே நிலவறையும் மரம்.
மருந்து ஊறிய பலகைகள்
பழுக்க மறுத்த காயின் நிறத்தில்
லாரியிலிருந்து இறங்கின.

மாமனார் மெட்ரோ
கோதுமை ஓரமாக டிராக்டரை நிறுத்தி
இறங்காமலே சொன்னார்:
"மண்ணுக்குள்ளே மரம் வைப்பது
ஒரே ஒரு காரியத்துக்குத்தான், ஓரிஸ்யா.
அதற்கு ஆறு பலகை போதும்."

செனோன் பதில் பேசவில்லை.
வாய் நிறைய ஆணி.

சஸ்காச்சுவானில் உறைபனி ஆறடி இறங்கும்.
நாங்கள் எட்டடிக்கு வானம் தோண்டினோம்.
களிமண்ணில் காட்டெருமைப் பல் ஒன்று கிடைத்தது,
கலீனா அதைத் தன் பல் டப்பாவில் போட்டுக்கொண்டாள்.
சல்லியைக் கொட்டி, இழுத்து, மறுபடி கொட்டி
ரசமட்டத்தின் குமிழ் நடுவில் நிற்கும்வரை
முழங்காலிலேயே நகர்ந்தேன்.
தேவாலயத்தில்கூட
இவ்வளவு நேரம் மண்டியிட்டதில்லை.
ஒரு மதியம் இடுப்பு வலிக்க
அப்படியே சல்லிமேல் சாய்ந்தேன்:
தோண்டிய வானத்துக்கு மேலே
தோண்டாதது,
மேகமே இல்லாமல், ஒரு மூலைமட்டமும் இல்லாமல்.

பன்னிரண்டு அங்குலத்துக்கு ஒரு குத்துக்கால்.
நாலாம் நாள் சுவர் எழுந்தது.
எழுந்ததுமே சித்திரம் எழுதிவிட்டாள் கலீனா,
வெளிப்பக்கம் முழுக்க
சுண்ணாம்புக்கட்டியால் ஜன்னல்கள்.
திரைச்சீலை உண்டு, பூச்சட்டி உண்டு,
ஒன்றில் எங்கள் நாய்.
அவற்றின்மேல்தான் பாலித்தீன் ஒட்ட வேண்டும்,
அதன்மேல் மண்.
சொன்னேன்.
தெரியும் என்றாள்.

சனிக்கிழமை ஹால்வர்
மண் தள்ளும் இயந்திரத்தோடு வந்துவிட்டார்,
கூப்பிடாமல், நல்ல மனசோடு.
"ராத்திரி மழை. இப்போதே மூடிவிடலாம்.
காசெல்லாம் வேண்டாம்."
செனோன் ஆணி வாங்க நகரத்துக்குப் போயிருந்தான்.
வாளி உயர்ந்தது.
சுவருக்கும் அதற்கும் நடுவில் போய் நின்றேன்,
கையில் பென்சில்.

தளம் ஏறாத சுவர் வெறும் வேலி, ஹால்வர்.
நனைந்த களிமண் சாய்ந்தால் உள்ளே விழும்.
தலைமேல் பாரம் வரட்டும்,
அப்புறம் எவ்வளவு மண் வேண்டுமானாலும் தள்ளுங்கள்.

இயந்திரச் சத்தத்தில் பாதிதான் கேட்டிருக்கும்.
என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார்,
நாயுள்ள ஜன்னலைப் பார்த்தார்.
வாளியை இறக்கினார்.

மழை சொன்னபடி வந்தது.
விடிய விடிய டார்ச்சோடு விளிம்பில் உட்கார்ந்திருந்தோம்.
கரையான் இல்லாத குளிர் தேசம்,
இங்கே ஈரம்தான் எதிரி.
தண்ணீர் சல்லிக்குள் இறங்கி
குழாய் தேடி, பள்ளம் தேடி
வயலுக்குப் போய்ச் சேர்ந்தது.
ஜன்னல்கள் அழிந்திருந்தன.
காலையில் கலீனா மறுபடி வரைந்தாள்,
இந்தத் தடவை நாய் இல்லை, பூனை.

புதன்கிழமை உத்தரங்கள் ஏறின, தளப்பலகை ஏறியது.
வெள்ளி அன்று ஹால்வர் மண் தள்ளினார்,
ஓரடி, பிறகு ஓரடி,
தூங்குகிற பிள்ளைக்குப் போர்த்துவதைப் போல அல்ல,
கணக்குப் பார்த்துக் கடன் அடைப்பவரைப் போல.
பூனை கடைசியாக மூழ்கியது.

மாலையில் மெட்ரோ ஏணி வழியாக இறங்கினார்.
சுவரை முட்டியால் தட்டினார்,
யாரோ திறப்பார்கள் என்பதுபோல் காத்திருந்தார்.
ரம்பத் தூளும் மருந்தும் கலந்த வாசனை.
ஒன்றும் சொல்லவில்லை.
தரையில் கிடந்த ஆணியை எடுத்து
தன் உயரத்துக்கு ஒரு குத்துக்காலில் அடித்து
தொப்பியை மாட்டினார்.

போகும்போது மறந்துவிட்டுப் போனார்.
நாளை கேட்டால்,
மறதி என்றுதான் சொல்வார்.