முழங்கால் இருபத்திரண்டு

மாசிலாமணி சாரின் ஆட்டம் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.
அவருடைய ரசீதுகளைப் பார்த்தேன்,
பத்தொன்பது வருஷம்,
கணக்குப் பிரிவில், ஜன்னல் இல்லாத பக்கத்து மேசையில்.
சனிக்கிழமை ஆட்டம் இரண்டு மணிக்கு.
யஷ்வந்த்பூர் பஸ் எனக்கு ஒன்றரைக்கு.

முதல் ரசீது: ஐஸ் பன்னிரண்டு கிலோ, ஜான்சன் மார்க்கெட்.
‘இவ்வளவு ஐஸ் எதற்கு?’ என்று
சிவப்பு மையில் கேட்டுத் திருப்பி அனுப்பினேன்.
மறுநாள் வந்தது, அடியில் பென்சிலில்:
‘முழங்கால் இருபத்திரண்டு, மேடம்.’

பாஸ் செய்தேன்.

அந்த வருஷம் மைசூரில் ஏழுக்குப் பூஜ்யமாம்.
எனக்குத் தெரிந்ததெல்லாம்
வாடகை வேன் ராமநகரத்தில் நின்றுபோனது,
தள்ளிய வகையில் செலவு இல்லை.
அடுத்த வருஷம் பந்து ஆறு, வலை ஒன்று,
சுண்ணாம்பு நாலு மூட்டை.
அதற்கடுத்த வருஷம்
மைசூர்பாகு மூன்று கிலோ.
எந்தத் தலைப்பில் வைப்பது என்று தெரியாமல்
‘இதர செலவு’ என்று எழுதினேன்.
பிறகு மைசூர்பாகு வழக்கமாகிவிட்டது.
பல்கலைக்கழகக் கோப்பை ஒன்பது முறை;
இதர செலவுக்குத் தனிப் பக்கமே ஒதுக்க வேண்டியதாயிற்று.

கோப்பைகள் பிரின்சிபால் அறைக்குப் போயின.
பாலிஷ் செலவு என்னிடம் வந்தது.

பையன்கள் கௌதமபுரம், மர்ஃபி டவுன், ஆஸ்டின் டவுன்.
வருகை குறைந்தவர் பட்டியலில்
அந்தப் பெயர்களை நானும் அறிவேன்:
தேவகுமார், இர்ஃபான், லோகநாதன், மறுபடி லோகநாதன்.
அபராதத்தை அவர்தான் கட்டி அனுப்புவார்,
ஐம்பது ரூபாய் நோட்டுகளாக.
எண்ணி முடித்தால் விரலில் செம்மண்.

அவர் நிரந்தரம் இல்லை.
ஒவ்வொரு ஜூனிலும் ஒரு நியமன உத்தரவு,
பதினோரு மாதத்துக்கு.
கோப்பை வந்த வருஷமும் அதே தாள்தான்.
ஒருமுறை கம்பெனி அணி ஒன்று
இரட்டைச் சம்பளத்துக்குக் கூப்பிட்டது.
சம்பளச் சான்று தட்டச்சு செய்து வைத்தேன்.
வாங்கிக்கொள்ள ஆளே வரவில்லை.

மே மாதம் அவர் எங்களுக்கு யாருமில்லை.
மேயில்தான் அவர் தெருத்தெருவாக நின்று
அடுத்த அணியைப் பொறுக்குவார் என்பது
பியூன் முனிரத்னம் சொல்லித் தெரியும்.

ஒரு மே பதினான்காம் தேதியிட்டு
ஸ்கேன் பில் வந்தது.
இர்ஃபானின் இடது முழங்கால். நாலாயிரத்து எண்ணூறு.
வேலையில் இல்லாதவர் செலவு செய்ய முடியாது.
விதி அப்படி.
எழுதினேன். அழகான கையெழுத்து எனக்கு.

அந்தத் தடவை பென்சில் பதில் வரவில்லை.

போன வருஷம் ஏப்ரலில் அவருக்கு அறுபது.
நிலுவை இல்லை என்று சான்று கேட்டு
முதன்முறையாக என் மேசைக்கு முன்னால் நின்றார்.
நான் நினைத்திருந்ததைவிடக் குள்ளம்.
பதிவேட்டில் ஒன்பது பந்து குறைகிறது என்றேன்.
‘ஆறு ராஜகாலுவேல போயிடுச்சு.
மூணு பசங்க வீட்ல இருக்கு.’
‘எந்தப் பசங்க?’
‘ஆடறவங்க.’
தேய்மானம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
விசிலைக் கழற்றி வைத்தார்.
அது கல்லூரிச் சொத்தில்லை, எண்ணும் கிடையாது.
சொல்வதற்குள் படியிறங்கிவிட்டார்.

அந்த மே பில்லைத் தேடி எடுத்தேன்.
ஐந்தை ஆறாக்க ஒரு சுழி போதும்.
எட்டு வருஷப் பழைய தாளை
ஆடிட்டர் எப்படி விட்டார் என்று கேட்காதீர்கள்.

காசோலையை அவர் இன்னும் வங்கியில் போடவில்லை.
மூன்று மாதத்தில் அது வெறும் காகிதம்;
கணக்கிலிருந்து நீக்க வேண்டும்.
நீக்கவில்லை.
மாதக் கடைசியில் வங்கிச் சரிபார்ப்பில்
ஒரு வரி ஏறுகிறது:
எஃப். மாசிலாமணி, 4,800, நிலுவை.

மே மாதமும் ஏறியது.