வெறுங்கை விதி

துலூத், மார்ச் கடைசி, கர்ட் வீட்டு நிலவறை.
கொதிகலன் உறுமிக்கொண்டிருந்தது;
அதை டிராகன் என்று சொல்லி
மூன்று முறை சிரித்தாகிவிட்டது.

கதை ஒரு குழியின் விளிம்பில் நிற்கிறது.
வெர்னின் மந்திரவாதிக்கு
இடக்கையில் கேடயம், வலக்கையில் லாந்தர்.
கீழே ஏதோ மூச்சு விடுகிறது.
"கட்டு மந்திரம் போடுகிறேன்" என்றான் வெர்ன்.

புத்தகத்தைத் திறந்தேன்.
ஆட்டத்தை நடத்துபவள் நான். பகலிலும் இதே பிழைப்புதான்:
காப்பீட்டு அலுவலகத்தில் உட்கார்ந்து
கூரை வழியே வந்த நீர் 'வெள்ளம்' ஆகுமா என்று
பிறர் வீடு நனைந்த பிறகு வாசித்துச் சொல்வேன்.

பக்கம் நூற்றுப் பதினான்கு:
சைகை வேண்டும் மந்திரத்துக்கு
ஒரு கை வெறுங்கையாக இருக்க வேண்டும்.

அவ்வளவுதான்.
அதன்பின் நாற்பது நிமிடம்.

கேடயத்தை முன்கையில்தானே வாரால் கட்டுகிறோம்,
விரல்கள் சும்மா இருக்கின்றனவே, என்றாள் பாகூ.
எந்த வார்? என்றான் கர்ட். கருவிப் பட்டியலைப் பார்:
மரக் கேடயம், எட்டுப் பொன், ஆறு ராத்தல்.
வாரைப் பற்றி ஒரு சொல் கிடையாது.
லாந்தருக்கு வளையம் உண்டு,
சுண்டுவிரலில் மாட்டலாம் என்றாள் டெல்ஃபீன்.
சுண்டுவிரல் கைக்குள் அடக்கமா?
சரி, கை என்பது எங்கே தொடங்குகிறது,
மணிக்கட்டிலா, தோளிலா?

கேட்ட பிறகுதான் தெரிந்தது
கேள்வி எங்கே போய் விழுந்தது என்று.

வெர்னுக்கு இடக்கை இல்லை.
க்ளோக்கே காகித ஆலையின் உருளை. பதினோரு வருடம்.
அதற்கும் ஒரு பட்டியல் இருந்தது:
முழங்கைக்கு மேலே இத்தனை வாரக் கூலி,
கீழே என்றால் இத்தனை.
அதை வாசிப்பவரின் பக்கத்து மேசை என்னுடையது.

"போகட்டும், அனுமதிக்கிறேன்" என்றேன் அவசரமாக.

வெர்ன் காபிக் கோப்பையைக் கீழே வைத்தான்.
வைத்த பிறகு பகடையை எடுத்தான்.
பகடையை வைத்த பிறகு
புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தான்.
"அனுமதிக்காதே. விதி சரிதான்.
எழுதியவனுக்குக் கையைப் பற்றி
ஏதோ தெரிந்திருக்கிறது. கீழே வாசி."

வாசித்தேன்:
ஒரு பொருளை எடுப்பது ஒரு செயல்.
உறையில் இடுவது ஒரு செயல்.
கைவிடுவதற்குச் செலவில்லை.

"லாந்தரை விடுகிறேன்" என்றான்.

ஒளிவட்டம் முப்பது அடி.
விளக்கு விழுந்தால் வட்டமும் விழும்.
குழியின் சுவர் கொஞ்சம் கொஞ்சமாய் விழித்து,
கொஞ்சம் கொஞ்சமாய்க் கண்ணை மூடியது.
அறுபதாவது அடியில் அது தெரிந்தது:
வருகிற வெளிச்சத்தை
அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது.

பாகூ எழுந்தே விட்டாள்.
"கண்ணுக்குத் தெரிகிற உயிர்மேல்தான் பலிக்கும்.
இப்போது தெரிகிறது!"
"விளக்கு உடைந்தால் தெரியாது."
"உடைவதற்கு முந்தைய முறை யாருடையது?"

கர்ட் பொருளடக்கத்தை இருமுறை மேய்ந்தான். இல்லை.
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
வெளியே ஏரியில் பனி உடைக்கும் கப்பல்
ஒருமுறை ஊதிவிட்டு யோசித்தது.

வெறுங்கை முழம் போடாது என்பார்கள்.
அங்கே ஒருவன் குழியின்மேல்
ஐந்து விரலையும் விரித்து நிற்கிறான்,
விளக்கு விழும் ஆழத்தை
அளந்துகொண்டே.

தீர்ப்புச் சொன்னேன்:
"தரையைத் தொடும்வரை உன் முறை."

வெர்ன் உருட்டினான்.
பகடை மேசை விளிம்பைத் தாண்டி
கொதிகலனுக்கு அடியில் ஓடியது.

ஐந்து பேரும் முழங்காலிட்டோம்,
ஒரு செல்பேசி வெளிச்சத்தில்.
"கீழே விழுந்த பகடை செல்லுமா?" என்றாள் டெல்ஃபீன்
தூசிக்குள் கன்னத்தை வைத்துக்கொண்டு.

"முதலில் எண்ணைச் சொல்," என்றான் வெர்ன்,
"விதியை அப்புறம் பார்க்கலாம்."