காற்றுத் திருகு

ஜாம் போத்தலில் ஊற்றி
பட்டறை யன்னலில் வைத்தேன்.
ஐந்து நிமிடம்.
மேலே ஒயில் கலந்த பெற்றோல், செம்மஞ்சளாய்.
கீழே இரண்டு விரற்கடைக்கு
கழுவிய கண்ணாடிபோல் வேறொன்று.
நடுவில் கோடு,
ஆரோ அடிமட்டம் வைத்துக் கீறினதுபோல.

"பாத்தியே, தண்ணி விட்டிருக்கிறான்"
என்றான் றெஜினோல்ட்.
அவனுடைய வலக்கை முட்டிகளில்
இன்னும் தோல் வரவில்லை.
முந்தநாள் சந்தியில் வைத்து
குலேந்திரனின் வாயில் பட்ட கை.

குலேந்திரன் கானில் பெற்றோல் விற்கிறவன்.
வரிசைகள் நீண்ட மாதங்களில்
எந்த வடிசாலையாலோ வந்த ஸ்பிரிற்றை
பத்துக்கு இரண்டு கலந்தான்.
கலந்ததைச் சொல்லித்தான் விற்றான்,
விலையும் குறைத்தான்.
அந்தக் கானில் பாதி ஜீப்புக்குப் போனது.
போட்டை ட்றெயிலரில் ஏற்றி
மாதகல் மணலுக்கால் இழுத்து, இறக்கி,
மீனோடு திரும்ப ஏற்றி
ஜீப் ஒருநாளும் இருமினதில்லை.

போட்தான்,
முதல் தாங்கி தீர்ந்து மற்றதை மாட்டிய இடத்தில்,
கரைவெளிச்சம் பொட்டாய்ச் சுருங்கிய இடத்தில்,
கொஞ்சத் தூரம் விக்கி விக்கிப் போய் நின்றது.
அவனும் மச்சான் சவிரியும்
விடியுமட்டும் துடுப்புப் போட்டார்கள்.
இழுவைப்படகுகளின் விளக்குகள்
ஒரு தெருவே நகர்வதுபோல் வந்து
பக்கத்தால் போயின.
வலை அங்கேயே கிடந்தது.
பிறகு கிடக்கவில்லை.

சிலிண்டரைக் கழற்றினேன்.
பிஸ்ரனில் நகத்துக்குத் தட்டுப்படும் கீறல்கள்.
பம்புக்குள் இருந்த றப்பர்த் தகடு
நனைந்த அப்பளமாய் நெளிந்திருந்தது.

ஸ்பிரிற்றுக்குத் தண்ணியில்தான் ஆசை கூட.
பெற்றோலோடு குடித்தனம் நடத்தும்.
தண்ணி அளவு கடந்து எட்டிப்பார்த்தால்
சட்டிபானையோடு கீழே இறங்கிவிடும்.
ஒயில் மேலேயே நின்றுவிடும்.
உறிஞ்சுகுழாயின் வாய் இருப்பதோ அடியில்.
எண்ணெய்ப் பசையில்லாமல் குடித்து
தன்னைத் தானே உரசிக்கொண்டிருக்கிறது எஞ்சின்.

ஜீப் அன்றன்று ஊற்றினதை அன்றன்று எரித்தது.
போட், கார்த்திகை அடைமழை முழுக்க
மூன்று கிழமை கரையில் கிடந்தது,
தாங்கி அரைவாசியில்.

இவ்வளவும் சொன்னேன்.
தலையாட்டினான்.
"அப்ப தண்ணி எங்கால வந்தது?"

தாங்கி மூடியின் மேல்
சுண்டுவிரல் நகமளவில் ஒரு காற்றுத் திருகு.
ஓடும்போது திறக்கவேண்டும்.
நிறுத்தினால் இறுக்கவேண்டும்.
மழைக்கு முதல்நாள்
பிளக் மாற்றி, அந்தத் தாங்கியை மாட்டி ஓடவிட்டுப் பார்த்து,
கை துடைத்து, காசு வாங்கினவன் நான்.
துடைத்த துணி ஞாபகமிருக்கிறது:
பச்சைக் கோடு போட்ட பழைய சாரத் துண்டு.
எண்ணூறு ரூபாய் மிச்சம் கொடுத்ததும்.
திருகை இறுக்கிய விரல்
ஞாபகத்தில் இல்லை.

யன்னலால் வெயில் வந்து
போத்தலின் கீழ்ப்பங்கில் நின்றது.
மூடியைத் திறந்து மணந்தேன்.
புளித்த கள், அதற்குப் பின்னால் மழை.

"குலேந்திரனுக்கு எத்தினை இழை போட்டவை?"

"நாலு. ஏன்?"

பற்றரி செத்ததென்று
ஜீப்பை நிறுத்தாமலே வந்திருந்தான்.
வாசலில் அது நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது,
குலேந்திரனின் கானில்,
ஒரே சீராக.
இந்தச் சத்தத்துக்குள்
எதையும் சொல்லாமல் விடலாம்.
பிஸ்ரனுக்குக் காசு எடுக்காமல் விட்டால்
கணக்குச் சரி என்றும் ஒரு கணம் தோன்றியது.

"அதை நிப்பாட்டிப்போட்டு வா" என்றேன்.

"பிறகு ஆர் தள்ளுறது?"

"நான் தள்ளுறன்.
நிப்பாட்டிப்போட்டு வா.
ஒண்டு சொல்லோணும்."