காது இல்லாத கப்

மஞ்சக்குப்பத்தில் டயர் கடைக்கு மேலே
என் சக்கரமும் கேஸ் சூளையும்.
சனிக்கிழமை வகுப்பில்
ஒரே பல்லவிதான்:
சுட்டால் நூற்றுக்குப் பன்னிரண்டு சுருங்கும்,
காதைப் பெரிதாக வையுங்கள்.

பல் டாக்டர் ஹபீபா ஸ்கேலால் அளப்பார்.
துறைமுகத்து ஐஸ் கம்பெனி தனவேலு
தன் விரலால்.

ஆயிரத்து இருநூற்றெழுபது டிகிரி.
ஒன்றரை நாள் ஆறவிட்டுத் திறந்தோம்.
அவர் கப்பின் காதில்
விரல் முதல் கணுவிலேயே நின்றது.

"அடுத்த தடவை..." என்று ஆரம்பித்தேன்.
அதற்குள் டீயை ஊற்றி
இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில்
பொத்திக்கொண்டார்.
"நாளெல்லாம் ஐஸ் பிடிச்ச கை மேடம்.
காது எதுக்கு?"

அந்த வாரம் காதில்லாமல் ஆறு செய்தேன்.
நாலு விற்றுவிட்டது.
ஒன்றில் நான் குடிக்கிறேன்,
சுடச்சுட,
கை மாற்றி மாற்றி.